ஒரு வெட்டுமுகம் தனித்து நின்று பேசாது: ஸ்கேன் படங்களை வாசிப்பதற்கான உடற்கூற்றியல்

சி.ரி. ஸ்கேன் எடுத்துக்கொண்டு திருகோணமலைக்குத் திரும்பும் ஒரு நோயாளியின் கையில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓரிரு பக்க அறிக்கை. மற்றையது, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரிசையாகப் பதிந்த பெரிய படத்தாள். வீட்டிலுள்ளவர்கள் அந்தப் படத்தாளை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது எழும் ஐயங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. ஈரல் உடலின் வலப்பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும், இங்கே இடப்பக்கத்தில் தெரிகிறதே என்பது முதலாவது. அறிக்கையில் சொல்லப்பட்ட கட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது அடுத்தது. ஒரே நெஞ்சு ஒரு வரிசையில் வெறும் கறுப்பாகவும் மற்றொரு வரிசையில் நுண்ணிய குழாய்கள் நிறைந்ததாகவும் இருப்பது ஏன் என்பது மூன்றாவது.

இவ்வையங்கள் சற்று வேறு உருவில் மாணவர்களுக்கும் எழுகின்றன. உயர்தர வகுப்பில் உயிரியலைத் தமிழில் கற்று மருத்துவ பீடங்களுக்கோ, கதிர்ப்படவியல் கற்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ செல்லும் திருகோணமலை மாணவர்களும், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயில்வோரும், மனித உடலை முதலில் அறிந்துகொள்வது முன்பக்கமிருந்து வரையப்பட்ட படங்களின் வழியாகத்தான். அதே உடல் குறுக்கே வெட்டப்பட்ட தோற்றத்தில் திரையில் வரும்போது, நன்கு பழகிய உறுப்புகளே அடையாளம் தெரியாமல் போய்விடுகின்றன. அதற்குப் பரிகாரமாகப் பலர் வெட்டுமுகப் படங்களை ஒவ்வொன்றாக மனனம் செய்ய முற்படுகின்றனர். பரீட்சைக்கு அது ஓரளவு உதவலாம். ஆனால் முன்னர் பார்த்திராத ஒரு நோயாளியின் ஸ்கேன் முன்னால் அந்த மனனம் விரைவிலேயே கைவிட்டுவிடும். ஒரு மட்டத்தில் தெரியும் அமைப்பு மேலும் கீழும் எங்கே செல்கிறது என்று தொடர்ந்து பார்க்கும் பழக்கமே இத்துறையின் உண்மையான பாடம். அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

நிழலிலிருந்து வெட்டுமுகத்துக்கு

1895 நவம்பர் 8 அன்று ஜேர்மனிய பௌதிகவியலாளர் வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் உடலினூடாகச் சென்று மறுபுறத்தில் ஒரு நிழலை விழுத்துகின்றன. நெஞ்சின் சாதாரண எக்ஸ்ரே படத்தில் மார்புப்பட்டை, இதயம், களம் (உணவுக்குழாய்), முள்ளந்தண்டு ஆகிய அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தளத்தில் விழுவதால், முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்பதை அந்த ஒரு படத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

ஒரே நிழலுக்குப் பதிலாக, உடலைச் சுற்றிவந்து பல கோணங்களிலிருந்து அளவீடுகளை எடுத்து, அவற்றைக் கணித முறையால் இணைத்தால் உட்புறத்தின் ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு உறிஞ்சியது என்பதைக் கணித்துவிடலாம். இதற்கான கணிதத்தை அலன் கோர்மக் என்பவரும், அதை இயங்கும் கருவியாக ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்பவரும் தனித்தனியே உருவாக்கினர். 1971 ஒக்டோபர் 1 அன்று இலண்டனின் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதலாவது நோயாளியின் தலை இவ்வாறு படம்பிடிக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு இருவரும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இம்முறையே சி.ரி. எனப்படுகிறது.

சி.ரி. தரும் படம் உண்மையில் எண்களாலான ஓர் அட்டவணை. இன்றைய கருவிகளில் ஒரு வெட்டுமுகம் வழமையாக 512 நிரைகளும் 512 நிரல்களும் கொண்டது. ஹவுன்ஸ்ஃபீல்டின் தொடக்கக் கருவியில் அது 80 நிரை, 80 நிரலாகவே இருந்தது. 35 சென்ரிமீற்றர் அகலமான ஒரு வயிற்றை 512 ஆகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர் அகலமுடையதாகும். ஆனால் கட்டத்துக்கு ஆழமும் உண்டு. வெட்டுமுகத்தின் தடிப்பே அந்த ஆழம். 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெட்டில், ஒவ்வொரு கட்டமும் 5 மில்லிமீற்றர் உயரமான ஒரு சிறு தூணுக்குள் இருக்கும் அனைத்தின் சராசரியையே காட்டுகிறது. அத்தூணில் பாதி கொழுப்பும் பாதி தசையும் இருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட, இரண்டிலும் சேராத ஒரு சாம்பல் நிறம் படத்தில் தோன்றும். உறுப்பொன்றின் மேல் அல்லது கீழ் விளிம்பில் காணப்படும் மங்கலான நிழல்களுள் பல இவ்வாறு உண்டானவையே. அவற்றை நோயெனக் கொள்வது தொடக்கநிலையினரிடம் அடிக்கடி காணப்படும் வழு.

எண்களும் சாம்பல் நிறமும்

ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய எண், ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் தரப்படுகிறது. நீர் 0 என்றும் வளி −1000 என்றும் வரையறுக்கப்பட்டுள்ளன. கொழுப்பு ஏறத்தாழ −100. குருதிக்கலங்களைத் தெளிவாகக் காட்டுவதற்கான கொன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றப்படாத நிலையில் தசையும் ஈரலும் 40 முதல் 60 வரை. புதிதாக உறைந்த குருதி 60 முதல் 80 வரை. அடர்த்தியான என்பு 1000ஐயும் தாண்டும்.

இவ்வளவு பரந்த வீச்சைக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரே தடவையில் நிரப்பினால், மூளையின் நரைநிறச் சடப்பொருளுக்கும் வெண்சடப்பொருளுக்கும் இடையிலுள்ள சுமார் 10 அலகு வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே பார்க்க விரும்பும் வீச்சை மட்டும் தெரிவுசெய்து, அதற்குக் கீழுள்ள அனைத்தையும் கறுப்பாகவும் மேலுள்ள அனைத்தையும் வெள்ளையாகவும் விடுகின்றனர். இத்தெரிவு 'விண்டோ' எனப்படுகிறது. மூளைக்கு 0 முதல் 80 வரையிலான வீச்சும், நுரையீரலுக்கு −1350 முதல் +150 வரையிலான வீச்சும் பரவலாகப் பயன்படுத்தப்படுபவை. படத்தாளில் ஒரே நெஞ்சு இரு விதமாகத் தோன்றுவதன் காரணம் இதுவே: அளவீடு ஒன்று, அதைக் காட்டும் விதம் இரண்டு. நுரையீரலில் உள்ள சிறு முடிச்சொன்றை இதயத்துக்கான விண்டோவில் தேடினால் அது தெரியாமலே போகலாம். அதனால் அது இல்லை என்றாகிவிடாது.

எங்கிருந்து பார்க்கிறோம்?

உடலை மேற்பகுதி, கீழ்ப்பகுதி எனப் பிரிக்கும் வெட்டு குறுக்குவெட்டு. முன், பின் எனப் பிரிப்பது முன்தள வெட்டு. இடம், வலம் எனப் பிரிப்பது நெடுக்குவெட்டு. சி.ரி. படங்களில் அடிப்படையானது குறுக்குவெட்டு. மற்ற இரண்டும் அதிலிருந்து கணினியால் மீளமைக்கப்படுபவை. குறுக்குவெட்டைப் பார்க்கும்போது பின்வரும் மரபுகளை மனத்தில் இருத்த வேண்டும்.

1. நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். நாம் அவருடைய காலடியில் நின்று தலையை நோக்கிப் பார்க்கிறோம். எனவே நோயாளியின் வலப்பக்கம் படத்தின் இடப்பக்கத்தில் வரும். ஈரல் 'இடம்மாறி'த் தெரிவதன் காரணம் இவ்வளவுதான்.

2. படத்தின் மேல்விளிம்பு உடலின் முன்புறம், கீழ்விளிம்பு முதுகு.

3. மல்லாந்து படுத்திருப்பதால் நீர்மங்கள் முதுகுப் பக்கமாகத் தேங்கும். வளி முன்பக்கமாக எழும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அது படத்தின் அடியில் பிறைபோலப் படிந்திருக்கும். எழுந்து நிற்கும் நோயாளியின் எக்ஸ்ரே படத்தில் அதே நீர் நெஞ்சின் அடிப்பாகத்தில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தட்டான பிரிமென்றகட்டின் மேல் தேங்கியிருக்கும். நீர் ஒன்றே, கிடந்த நிலை வேறு.

4. ஒளி ஊடுருவும் படத்தாளைப் புறம்மாற்றிப் பிடித்தால் பக்கங்கள் உண்மையாகவே மாறிவிடும். அதில் அச்சிடப்பட்ட எழுத்துகள் நேராக வாசிக்கக்கூடியனவாக இருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உறுப்புகள் அனைத்தும் கண்ணாடி விம்பம்போல் இடம்மாறிப் பிறந்த மிகச் சிலரும் இருப்பதால், ஈரலின் இருப்பிடத்தைக் கொண்டு பக்கத்தை ஊகிப்பது பாதுகாப்பான வழியன்று.

அல்ட்ராசவுண்டில் நிலைமை வேறு. அங்கே வெட்டுத்தளத்தைத் தீர்மானிப்பது பரிசோதிப்பவரின் கை. கை சற்றுச் சரிந்தால் தளமும் சரிந்துவிடும். வயிற்றுப் பரிசோதனையில் குறுக்குத் தளத்துக்கு மேற்கூறிய மரபே பொருந்தும். நெடுக்குத் தளத்தில் தலைப்பக்கம் திரையின் இடப்பக்கமாக வைக்கப்படும். எம்.ஆர்.ஐ. முறையில் எந்தத் தளத்தையும் நேரடியாகவே பெறலாம். ஆனால் அங்கே பிரகாசம் அடர்த்தியைக் குறிப்பதில்லை. எம்.ஆர்.ஐ. படங்களின் இரு முக்கிய வகைகளுள் ரி-1 வகைப் படத்தில் கொழுப்பு வெளிறியும் நீர்மம் இருண்டும், ரி-2 வகைப் படத்தில் நீர்மம் வெளிறியும் தோன்றும்.

வெட்டியதும் வடிவம் மாறுகிறது

வள்ளத்தில் சுருட்டிக் கிடக்கும் நைலோன் கயிற்றுக் குவியலைக் கூரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டினால், வெட்டிய முகத்தில் பல வட்டங்களும் சில நீள்வட்டங்களும் தெரியும். கயிறு ஒன்றா, இரண்டா, பத்தா என்பதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உடலின் குறுக்குவெட்டும் இவ்வாறானதே. ஏனெனில் குருதிக்கலங்கள், குடல், பித்தக்கான், சிறுநீர்க்கான், வாதனாளி (மூச்சுக்குழாய்) என உடலில் பெரும்பாலானவை குழாய்கள்.

1. தளத்துக்குச் செங்குத்தாகச் செல்லும் குழாய் வட்டமாகவும், சரிந்து செல்வது நீள்வட்டமாகவும், தளத்திலேயே கிடப்பது பட்டியாகவும் தெரியும். வடிவம் உறுப்பின் குணத்தைவிட அது செல்லும் திசையையே அதிகம் சொல்கிறது.

2. வளைந்து திரும்பும் குழாய் ஒரே வெட்டில் இருமுறை தோன்றும். நெஞ்சில் பெருநாடி முன்னே ஏறி, வளைந்து, பின்னே இறங்குவதால், வளைவுக்குக் கீழான வெட்டுகளில் முன்பக்கம் ஒரு வட்டமும், முள்ளந்தண்டின் இடப்புறத்தில் இன்னொரு வட்டமும் இருக்கும். இரண்டும் ஒரே நாடி.

3. குருதிக்கலம் அடுத்தடுத்த வெட்டுகளிலும் தொடரும். நிணநீர்க் கணு ஓரிரு வெட்டுகளில் தோன்றி மறைந்துவிடும். தனி வெட்டில் இரண்டும் ஒரே அளவான சாம்பல் வட்டங்கள்.

குடல்வாலைத் தேடும் முறை மூன்றாவது கருத்தின் நடைமுறைப் பயன்பாடு. வலப்பக்க அடிவயிற்றில் பெருங்குடலின் தொடக்கமான குருட்டுக்குடலை முதலில் இனங்கண்டு, சிறுகுடல் அதனுள் திறக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் கீழே புறப்படும் மெல்லிய குழாயைப் பின்தொடர வேண்டும். சிறுகுடலின் ஒரு மடிப்பைப் பின்தொடர்ந்தால் இரு திசைகளிலும் அது தொடரும். குடல்வாலோ ஒரு முனையில் மூடியிருக்கும். அந்த மூடிய முனையைக் கண்ட பின்னரே அது குடல்வால் என்று உறுதியாகக் கூறலாம்.

சிறுநீர்க்கல் விடயத்திலும் இவ்வாறே. இடுப்பறையிலுள்ள நாளங்களுக்குள் சுண்ணம் படிந்து உருவாகும் சிறு மணிகள் தீங்கற்றவை, பலரிடம் காணப்படுபவை. படத்தில் அவை சிறுநீர்க்கானில் சிக்கிய கல்லைப் போலவே வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சிறுநீரகத்திலிருந்து புறப்பட்டு, முள்ளந்தண்டை ஒட்டிய நாரித் (இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகுத்) தசையின் மேலாக இறங்கி, இடுப்பு நாடிகளைக் கடந்து சிறுநீர்ப்பையை அடையும் வரை சிறுநீர்க்கானை வெட்டு வெட்டாகத் தொடர்ந்து, அந்தப் புள்ளி அதன் பாதையில் இருக்கிறதா, பாதைக்கு வெளியே இருக்கிறதா என்று பார்ப்பதே முதன்மையான தீர்வு.

மேல்வயிறு: ஒரு முழு எடுத்துக்காட்டு

குறுக்குவெட்டு உடற்கூற்றியலில் மாணவர்களை அதிகம் தடுமாறவைக்கும் பகுதி மேல்வயிறு. சில சென்ரிமீற்றர் உயரத்துக்குள் பல அமைப்புகள் நெருங்கிக் கிடப்பதே காரணம். சதையியை (கணையத்தை) நேரடியாகத் தேடுபவர் அதைக் காணத் தவறுவார். குருதிக்கலங்களைப் பிடித்துச் செல்பவர் அதைத் தவறவிட மாட்டார். மேலிருந்து கீழாகச் செல்வோம்.

1. முள்ளென்பின் முன்னே சற்று இடப்புறமாகப் பெருநாடியும், வலப்புறமாகக் கீழ்ப்பெருநாளமும் உள்ளன. இவ்விரண்டுமே திசைகாட்டிகள். எந்த மட்டத்தில் வழி தவறினாலும் இவற்றுக்கே திரும்பி வர வேண்டும்.

2. கடைசி நெஞ்சறை முள்ளென்பான 12ஆம் முள்ளென்பின் மட்டத்தில், ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் இரைப்பைக்கும் குருதி கொண்டுசெல்லும் குறுகிய பொதுத்தண்டு பெருநாடியிலிருந்து முன்னோக்கிப் புறப்பட்டு, இரு பக்கமும் கிளைவிரிக்கிறது.

3. அதற்குச் சற்றுக் கீழே, முதலாம் நாரி முள்ளென்பின் மட்டத்தில் மேற்குடல் நாடி புறப்படுகிறது. இது முன்னோக்கிச் சிறிது சென்று கீழே திரும்புவதால், முதல் வெட்டில் பெருநாடியோடு ஒட்டிய காம்பாகவும், அடுத்த வெட்டுகளில் பெருநாடிக்கு முன்னால் தனித்து நிற்கும் புள்ளியாகவும் தெரிகிறது. அப்புள்ளியைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு கரிய வளையம் இருக்கும். இவ்வளையத்தை மறக்கக் கூடாது, பின்னர் தேவைப்படும்.

4. மண்ணீரல் நாளம் குறுக்காகக் கிடக்கும் நீண்ட பட்டியாகத் தெரியும். சதையியின் உடலும் வாலும் இந்நாளத்தின் முன்னே படிந்துள்ளன. சதையியைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி இந்நாளமே.

5. மண்ணீரல் நாளம் வலப்புறமாகச் சென்று, கீழிருந்து வரும் மேற்குடல் நாளத்தோடு சதையியின் கழுத்துக்குப் பின்னால் இணைய, ஈரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் ஈரல்வாயி நாளம் உருவாகிறது. சதையியின் தலை, சிறுகுடலின் தொடக்கப் பகுதியான முன்சிறுகுடலின் வளைவுக்குள் அமைந்திருக்கும்.

6. சற்றுக் கீழே இடது சிறுநீரக நாளம், முன்னே மேற்குடல் நாடிக்கும் பின்னே பெருநாடிக்கும் இடைப்பட்ட குறுகிய வழியால் புகுந்து கீழ்ப்பெருநாளத்தை அடைகிறது. அதற்கும் கீழே, மூன்றாம் நாரி முள்ளென்பின் மட்டத்தில், முன்சிறுகுடலின் கிடையான பகுதி அதே இடைவெளியைக் கடக்கிறது.

7. மேற்குடல் நாளம் மேற்குடல் நாடியின் வலப்புறத்தில் இருப்பதே வழமை. இவ்வொழுங்கு மாறியிருந்தால் கருவில் குடல் சரிவரச் சுழலவில்லையோ என்ற ஐயம் எழ வேண்டும். வளர்ந்தவர்களிடம் தற்செயலாகவும் இது தெரியவரலாம்.

8. நான்காம் நாரி முள்ளென்பின் மட்டத்தில் பெருநாடி இரண்டாகப் பிரிகிறது. கீழ்ப்பெருநாளத்தை உருவாக்கும் இரு நாளங்கள் இணைவதோ ஐந்தாம் நாரி முள்ளென்பின் மட்டத்தில். ஆகவே இவ்விரு மட்டங்களுக்கும் இடையே, முள்ளென்பின் முன்னே மூன்று வட்டங்கள் இருக்கும்: இரண்டு நாடி, ஒரு நாளம். இந்த மூன்று வட்டங்களையும் மேலும் கீழும் தொடர்ந்து சென்று எது எதுவெனச் சொல்ல முடிந்தவர் முறையைப் புரிந்துகொண்டுவிட்டார் எனலாம். மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த சிறு பரீட்சை ஒன்றில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

இப்போது அந்தக் கொழுப்பு வளையத்துக்கு வருவோம். சதையியில் புற்றுக்கட்டி இருக்கும்போது, அறுவைச் சிகிச்சையால் அதை முழுமையாக அகற்ற முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகளுள் ஒன்று, கட்டி மேற்குடல் நாடியைத் தொட்டிருக்கிறதா என்பது. வளையம் முழுமையாகக் கரிய நிறத்தில் இருந்தால் நாடி தப்பியிருக்கிறது என்று கொள்ளலாம். கட்டி நாடியின் சுற்றளவில் பாதிக்கும் மேலாகத் தழுவியிருந்தால், உடனடி அறுவைச் சிகிச்சை பொதுவாகத் தவிர்க்கப்பட்டு, வேறு சிகிச்சைகள் முதலில் ஆராயப்படும். ஓரிரு மில்லிமீற்றர் அகலமான கொழுப்புப் பட்டி ஒரு மனிதரின் சிகிச்சைத் திட்டத்தை மாற்றிவிடுகிறது. பல வெட்டுகளில் தொடர்ந்து பார்க்காமல் அதைப் பற்றித் தீர்ப்புக் கூற இயலாது.

நெஞ்சும் தலையும்

நெஞ்சறையில் வழிகாட்டி வாதனாளி. வளி நிரம்பிய கரிய வட்டமாக அது இறங்கி, நான்காம், ஐந்தாம் நெஞ்சறை முள்ளென்புகளுக்கு இடைப்பட்ட மட்டத்தை அண்மித்து இரண்டாகப் பிரிகிறது. அதற்குச் சற்று மேலே பெருநாடி வளைவு முன்னிருந்து பின்னிடப்புறமாகச் சரிந்த தடித்த பட்டியாகக் கிடக்கும். சற்றுக் கீழே நுரையீரல் நாடி பிரிந்து, அதன் வலக்கிளை ஏறும் பெருநாடிக்குப் பின்னால் குறுக்காகச் செல்லும். இதயத்தின் மிகப் பின்புறத்தில் இருப்பது இடது சோணையறை (இதயத்தின் மேலறைகளுள் ஒன்று). அதை ஒட்டியே பின்னால் களம் இறங்குகிறது. முன்பக்கப் படங்களில் இதயத்துக்குப் பின்னே மறைந்துபோகும் இவ்வுறவு, குறுக்குவெட்டில் ஒரே பார்வையில் புலனாகிறது.

கொன்ட்ராஸ்ட் எனப்படும் அயடீன் கலந்த மருந்து எந்தக் கணத்தில் எந்தக் கலத்தில் இருக்கிறது என்பதும் வாசிப்பின் ஒரு பகுதியாகும். மருந்து ஏற்றி ஏறத்தாழ 30 செக்கனில் நாடிகள் ஒளிரும். ஏறத்தாழ 70 செக்கனில் ஈரல்வாயி நாளமும் ஈரலும் ஒளிரும். நாடிகள் ஒளிரும் அந்த முதல் வேளையில் மண்ணீரல் வரிவரியாகத் தெரிவது இயல்பானது. மருந்து கலந்த சிறுநீரகக் குருதியும் இன்னும் கலவாத காற்பக்கக் குருதியும் கீழ்ப்பெருநாளத்தில் சேரும் இடத்தில், உறைகட்டி இருப்பது போன்ற பொய்த்தோற்றம் ஏற்படலாம். அது சிறுநீரக நாளங்களின் மட்டத்தில் தோன்றுகிறதா என்று பார்ப்பதே ஐயம் தீர்க்க உதவும்.

தலையில், விபத்துக்குப் பின்னரான குருதிக்கசிவின் வடிவம் அதன் இருப்பிடத்தைச் சொல்கிறது. மண்டையோட்டுக்கும் வன்றாயி எனும் தடித்த உறைக்கும் இடையில் கசிந்த குருதி இருபுறமும் குவிந்த வடிவில் தேங்கும். வன்றாயி மண்டையோட்டுப் பொருத்துகளில் இறுக ஒட்டியிருப்பதால் பொதுவாக அவற்றைத் தாண்டாது. வன்றாயிக்கு உள்ளே கசிந்த குருதிக்கு அத்தடை இல்லை. அது பிறை வடிவில் மூளையின் மேற்பரப்பெங்கும் பரவும். ஆனால் இடது வலது பக்கங்களை ஒப்பிடுமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ஸ்கேன் மேசையில் தலை சற்றுச் சரிந்திருந்தால், ஒரே வெட்டில் ஒரு பக்கம் உயர்ந்த மட்டத்தையும் மறுபக்கம் தாழ்ந்த மட்டத்தையும் காட்டும். கண்களும் காதென்புகளும் இரு பக்கத்திலும் ஒரே மட்டத்தில் தெரிகின்றனவா என்று பார்த்த பின்னரே 'ஒரு பக்கம் மாறுபட்டுள்ளது' என்று கூற வேண்டும்.

நூலிலுள்ள உடலும் உயிருள்ள உடலும்

குறுக்குவெட்டு உடற்கூற்றியல் சி.ரி. கருவியோடு பிறந்ததன்று. ரஷ்ய அறுவைச் சிகிச்சை நிபுணர் நிக்கொலாய் பிரகோவ், உறையவைத்த சடலங்களை மூன்று தளங்களிலும் அறுத்து வரைந்த படத்தொகுதியை 1850களில் வெளியிட்டார். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் திட்டமொன்றில், ஓர் ஆணின் உடல் 1 மில்லிமீற்றர் இடைவெளியிலும், ஒரு பெண்ணின் உடல் 0.33 மில்லிமீற்றர் இடைவெளியிலும் சீவப்பட்டு ஒளிப்படமாக்கப்பட்டன. அவை முறையே 1994, 1995ஆம் ஆண்டுகளில் வெளியாயின.

சடலத்துக்கு மூச்சில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உயிருள்ளவர் ஆழமாக மூச்செடுத்தால் பிரிமென்றகடு பல சென்ரிமீற்றர் இறங்கும். ஈரலும் மண்ணீரலும் சிறுநீரகங்களும் அதனோடு கீழே வரும். மேலே தரப்பட்ட முள்ளென்பு மட்டங்கள் ஆகவே ஓர் ஊரின் பெயரளவுக்குத்தான் துல்லியமானவை; வீட்டு இலக்கத்தை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. சிலருக்கு நாரி முள்ளென்புகள் ஐந்துக்குப் பதிலாக நான்காகவோ ஆறாகவோ இருப்பதும் உண்டு. இத்தகையவரின் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்யும்போது எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்கினார்கள் என்பது அறிக்கையில் எழுதப்பட வேண்டிய விடயமாகிறது.

கற்கும் வரிசையைப் பொறுத்தவரை, பெயரிடப்பட்ட தனிப் படங்களோடு தொடங்குவதைவிட, இயல்பான ஒருவரின் முழு வயிற்று ஸ்கேனைத் திரையில் மேலும் கீழும் நகர்த்தி, ஒரு நாளுக்கு ஒரு குழாயை மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடர்வது பலன் தரும். பெருநாடி முதலில், அதன் கிளைகள் பின்னர், அதன் பிறகு நாளங்கள், கடைசியாகக் குடல். பின்தொடர்ந்ததைக் கையால் முன்தளப் படமாக வரைந்து பார்ப்பது இன்னும் நல்லது. வரைய முடியாத இடமே இன்னும் விளங்காத இடம்.

நோயாளிக்கு இதனால் என்ன?

1 மில்லிமீற்றர் தடிப்பில் 30 சென்ரிமீற்றர் நீளத்தைப் படம்பிடித்தால் 300 வெட்டுகள் கிடைக்கும். ஒரு படத்தாளில் இவையனைத்தையும் அச்சிட முடியாது. அதில் இருப்பது தெரிவுசெய்யப்பட்ட சிலவே. அறிக்கையில் கூறப்பட்ட ஒன்று படத்தாளில் தென்படாததற்கு இதுவும் ஒரு காரணம். திருகோணமலையிலிருந்து மேலதிக சிகிச்சைக்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படும் ஒருவர் படத்தாளை மட்டும் எடுத்துச் சென்றால், அங்குள்ள வைத்திய நிபுணரால் எந்தக் குழாயையும் பின்தொடர முடியாது. விண்டோவை மாற்றவோ ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணை அளக்கவோ முடியாது. படத்தாளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவது அவசரத்துக்கு உதவலாம். ஆனால் அதை ஸ்கேனுக்கு ஈடாகக் கொள்வது தவறு.

முழுத் தரவும் 'டைகொம்' எனும் பொதுவான கோப்பு வடிவில் இறுவட்டில் பதியப்படக்கூடியது. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் அதைக் கேட்டுப் பெற்று, படத்தாளோடும் அறிக்கையோடும் சேர்த்து வைத்திருப்பது நல்லது. அது இல்லாமையால் ஸ்கேனை மீண்டும் எடுக்க நேர்ந்தால், பணத்தோடு கதிரும் செலவாகிறது: வயிற்று சி.ரி. ஒன்றின் கதிரளவு பொதுவாக 8 முதல் 10 மில்லிசீவேர்ட் வரையிலானது. இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டொன்றுக்குப் பெறும் கதிரளவின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவேர்ட். தேவையான ஸ்கேனைத் தவிர்க்க இது காரணமாகாது. தேவையற்ற மறுஸ்கேனைத் தவிர்க்கக் காரணமாகும்.

பழைய ஸ்கேன்களின் இறுவட்டுகளையும் எறிந்துவிடக் கூடாது. 8 மில்லிமீற்றராக இருந்த நிணநீர்க் கணு 12 மில்லிமீற்றராக வளர்ந்திருக்கிறதா என்பதை அறிய, இரண்டு ஸ்கேன்களையும் பக்கத்தில் வைத்து அதே கணுவை இரண்டிலும் கண்டுபிடிக்க வேண்டும். இரு தடவையும் மூச்சு ஒரே அளவில் இருந்திருக்காது என்பதால் வெட்டின் இலக்கம் இதற்கு உதவாது. அருகில் செல்லும் நாளத்தை இரண்டிலும் பின்தொடர்ந்து, அது கிளைவிடும் இடத்தில் நிறுத்தி அளப்பதே கதிரியக்க வைத்திய நிபுணர்கள் கையாளும் வழி.